எலிக்குப் பார்த்த பிரஷர்

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு மைக்ரோ ஆர்என்ஏ மேல் திடீர்க் காதல் வந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில்தான். அதற்கு முன்னால் வேறு எதையோ வருடக் கணக்கில் நோண்டி ஒன்றும் தேறாதவர். ஊர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றுகொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்பார். பெங்களூரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நான் அவரிடம் புராஜெக்ட் அசிஸ்டன்டாக இருந்தேன். அவரை மதித்த நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை.

விஷயம் என்னவோ நல்ல விஷயம்தான். மைக்ரோ ஆர்என்ஏ என்பது இருபத்திரண்டு எழுத்து அளவே உள்ள ஒரு துணுக்கு. அது எந்தப் புரதத்தையும் உண்டாக்காது. மரபணுக்கள் அனுப்பும் செய்திகள் மேல் போய் உட்கார்ந்து அவற்றின் வாயை அடைக்கும். ரத்த அழுத்தம் ஏறியே கிடக்கும் சிறுநீரகத்தில் இந்தத் துணுக்குகளில் சில கூடும், சில குறையும். நார் வளராமல் அடக்கி வைத்திருந்த ஒன்று குறைந்தால் போதும், வடிகட்டுகிற சதை இருந்த இடத்தில் தழும்பு படர ஆரம்பிக்கும். தழும்பு எதையும் வடிகட்டாது. உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கி அழுத்தம் இன்னும் ஏறும். ஆரம்பத்தில் வலியே தெரியாது என்பதுதான் இதில் பெரிய அயோக்கியத்தனம்.

எங்கள் எலிகளுக்கு தினமும் காலையில் பிரஷர் பார்ப்பது என் வேலை. எலியைக் குழாய்க்குள் விட்டு, வாலைச் சூடாக்கி, வாலில் சின்னப் பட்டை மாட்ட வேண்டும். எலி பயந்தால் அளவு தப்பும் என்பதால் அந்த அறையில் பேசக்கூடாது, சென்ட் போடக்கூடாது. ஒரு வாரம் பழக்கிய பிறகுதான் அளவையே எழுதுவோம். ராஜ மரியாதை.

இத்தனை மரியாதைக்குப் பிறகு எலியைக் கொன்று, சிறுநீரகத்தை அரைத்து, ஆர்என்ஏவைப் பிரிப்போம். அதற்கென்று ஆய்வகத்தில் இருந்த பழைய கிட் பெட்டியில் ஒரு வடிகட்டி உண்டு. நீளமான ஆர்என்ஏ அதில் ஒட்டிக்கொள்ளும், சின்னது கீழே வழிந்துவிடும். நாங்கள் தேடியதே சின்னதை. கீழே வழிந்ததை மாதக்கணக்கில் சிங்க்கில் கொட்டிக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி கிட்டோடு வந்த தாளைப் படித்துப் பார்த்துச் சொன்னாள். தலைவர் முகம் வெளுத்து, "வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். அந்தத் தாளை நானும் படித்ததில்லை. ஆனாலும் அவரைப் பார்த்து மனதுக்குள் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டினார். அன்றைக்கு அவருக்கும் ஒரு செய்தி இருந்தது.

"கம்பெனி மெடிக்கல் பாஸாயிட்டேன்மா."

"இந்த வருஷமும் மாத்திர போட்டுத்தானே?"

"பின்ன? எங்க செட்டுல ஒருத்தன் மாத்திர அட்டை வச்சினு இருப்பான். மூணு நாளு முன்னாடியே ஆளுக்கு ஒண்ணு போட்டுக்குவோம். பிரஷர் டக்குனு எறங்கிடும். இல்லாங்காட்டி மெஷின்லேர்ந்து எடுத்து கூட்டிப் பெருக்க விட்ருவானுங்க."

மெடிக்கல் முடிந்ததும் மாத்திரையும் முடிந்தது. ஆறு வருடமாக இதுதான் கதை. முட்டாள் கூட்டம் என்று நினைத்தேன். ஒரே ஒருமுறை திட்டினேன். மற்ற நேரமெல்லாம் கேலிதான். ஒரு பிரஷர் மெஷினை வாங்கி அவர் கையில் மாட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வருடம் அவர் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. கம்பெனி எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன. அப்பா தன் ஃபைலை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். எல்லா வருடமும் பிரஷர் நார்மல், எல்லாவற்றிலும் 'ஃபிட்' முத்திரை. டாக்டர் தாள் தாளாகப் புரட்டினார்.

"பிபியே இல்லாதவருக்கு எப்படி இப்படி ஆச்சு? வேற ஏதோ நோய்தான். ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்துப் பாக்கணும்."

சுருங்கிப்போன சிறுநீரகத்தில் ஊசி குத்தினால் ரத்தம் நிற்காமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். அப்பா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். வாயைத் திறந்தால் மெஷின் போய்விடும். மூடினால் என்ன போகும் என்று அவருக்குத் தெரியாது.

"அந்த அளவெல்லாம் பொய் டாக்டர். மெடிக்கலுக்கு முன்னாடி மட்டும் மாத்திரை போட்டு வாங்கினது. அப்பாவுக்கு பிபி இருக்கு" என்றேன்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆறேழு வருஷமா."

டாக்டர் தாளைப் புரட்டுவதை நிறுத்தினார். அப்பாவால்தான் அதைத் தாங்க முடியவில்லை.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க சார்" என்றார் அவசரமாக. "பெரிய படிப்பு படிச்ச பொண்ணு. கிட்னி ஆராய்ச்சியிலதான் வேல பண்றா."

டாக்டர் ஃபைலை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அதுவரை அதை மற்றவர்கள் மேல் வீசிக்கொண்டிருந்தவள் நான்தான்.