தம்பி ஏலாது என்ற நாள்

மழைக்காலம் முடிந்ததும் அலுமாரியைத் திறந்து, தம்பியின் கறுப்பு ரப்பர் உடுப்பை எடுத்துக் கொடியில் போடுவேன். ஸ்கூபா சுழியோடிகள் உடம்போடு ஒட்ட அணியும் உடுப்பு அது. வலது முழங்காலில் கிழிந்து, பிறகு ஒட்டுப்போட்டது. கையும் காலும் தொங்க அது ஆடுவதைக் கண்டு, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பிள்ளை ஒருநாள் வீரிட்டுக் கத்தினாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அந்த உடுப்பு என்னையும் படுத்தாத பாடு படுத்தியிருக்கிறது. ஆனால் நான் பயந்ததெல்லாம் அது கொடியில் இல்லாத மாலைகளில்தான்.

தம்பி நிலாவெளியில் சுழியோட்டம் பழக்கும் ஓர் இடத்தில் வேலை செய்தான். காலையில் எங்கள் ஊரான பாலையூற்றிலிருந்து பஸ் பிடித்துப் போவான். பின்னேரம் வந்ததும் கிணற்றடியில் உடுப்பை நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போடுவான். அதிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குக் கை ஓடும். அதுவரை அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுக் குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். அம்மா போன பிறகு அவன் எனக்குத் தம்பி மட்டுமல்ல, பிள்ளையும்தான். மற்றப் பிள்ளைகள் கடைக்கும் கந்தோருக்கும் போக, இவன் கடலின் அடிக்குப் போய் வந்தான். "இண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"என்ன நடக்கிறது? சும்மா இறங்கி ஏறினனான், அக்கா."

அந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்குள் என்ன கிடக்கிறது என்பதை ஊரார் சொல்லித்தான் நான் அறியவேண்டியிருந்தது. அவர்களுடைய படகை ஓட்டுகிற மூதூர் நானா ஒருநாள் சந்தையில் என்னைக் கண்டு, "என்ன தங்கச்சி, தம்பி ஒண்டும் சொல்லல்லயா?" என்று தொடங்கினார். அதற்கு முந்தின நாள், கடலுக்கடியில் ஒரு வெள்ளைக்காரருக்குக் காற்று முடிந்து, மனிதர் பயத்தில் கைகால் அடிக்க, தம்பி தன் சிலிண்டரின் மற்றக் குழாயை அவர் வாயில் வைத்து, கையைப் பிடித்து மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தானாம். அன்று இரவு என்னிடம் இரண்டாம் முறை சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் ஒரு சொல் சொல்லவில்லை. வாங்கிய மீனைச் சந்தையிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்தேன். "ரெண்டு பேரும் மேல வந்திட்டம்தானே. பிறகென்ன கதை?" என்றான். சொல்லாத ஆளை வைத்துக்கொண்டு எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்படாமல் இருப்பது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அவனுடைய அடக்கத்தை ஊர் மெச்சியது; எனக்கு அது நித்திரையைக் கெடுத்தது.

இருபத்திரண்டு வயதில் அவன் சுழியோட்டப் பயிற்றுநரானான். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தாலே சந்தியில் பனர் தொங்கும். விளையாட்டுக் கழகப் பெடியள் சும்மா விடுவார்களா? 'ஆழ்கடலை வென்ற எங்கள் மைந்தன்' என்று, ஆளுயரப் படத்தோடு கட்டிவிட்டார்கள். நான் தேவையே இல்லாமல் இரண்டு தரம் கடைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். இவன் என்னடாவென்றால், அதைக் கழற்றச் சொல்லிப் பெடியளிடம் கெஞ்சிக்கொண்டு திரிந்தான். அவர்கள் சிரித்தார்கள். நான் எரிந்து விழுந்தேன்.

"உனக்குப் பெருமை வேண்டாமெண்டால் விடு. எனக்கு வேணும்."

"அக்கா, தண்ணிக்குள்ள ஆரும் எப்பவும் 'மேல போவம்' எண்டு கையால காட்டலாம். ஏனெண்டு கேக்கக்கூடாது. அதுதான் எங்கட சட்டம். உந்தப் பனர் தொங்கிக்கொண்டிருந்தா, நான் என்னெண்டு அந்தக் கையைக் காட்டுறது?" என்றான். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பெரிய கதை கதைக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

பனரின் படம் பேஸ்புக்கில் சுற்றியது. அதைப் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. துறைமுக வாய்க்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலைப் பார்க்க வேண்டும், இந்தத் தம்பிதான் கூட்டிப்போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்களாம். அன்று மத்தியானமே படலை திறக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தம்பி. கக்கத்தில் உடுப்பு, துளி ஈரமில்லை.

"என்னடா நடந்தது?"

அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கதைத்தான். நங்கூரக் கயிறு நீரோட்டத்தில் விறைத்துச் சரிந்து நின்றதையும், தண்ணீர் கலங்கிக் கிடந்ததையும் சொன்னான். "எனக்குச் சளி, காதும் அடைச்சுக்கிடந்தது. கடலும் சரியில்ல, நானும் சரியில்ல. ஏலாது எண்டு சொல்லிப்போட்டன், அக்கா." கூட்டத்தில் ஒருவர், பனரில்தான் வீரம், ஆள் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தாராம். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். "எண்டாலும் சொல்லிப்போட்டன்," என்று மறுபடியும் சொன்னான். கண் மினுங்கியது. அவன் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அன்று பின்னேரமே வேறொரு சுழியோடி அவர்களைக் கூட்டிப்போனான். எல்லோரும் சுகமாக ஏறிவந்து படமும் போட்டார்கள். பெடியள் எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் பனரைக் கழற்றினார்கள். பிறகு கன நாள் தம்பிக்குச் சிலிண்டர் கழுவுகிற வேலைதான் கிடைத்தது. சந்தியால் போகும்போது எனக்கு முகம் எரியும். அவன் பாட்டொன்றை வாயால் சீக்காயடித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான். அன்று இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எவருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையோடு அவன் நன்றாக நித்திரை கொண்டான். நான்தான் புரண்டுகொண்டிருந்தேன்.

இப்போது அவன் மாலைதீவில் சுழியோட்டம் பழக்குகிறான். பழைய உடுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். ஒவ்வொரு பின்னேரமும் வாட்ஸ்அப்பில் எடுப்பான். "சும்மா இறங்கி ஏறினனான்" என்பான். இன்றைக்கு அழைப்பு வரவில்லை. பொழுதுபட்டும் வரவில்லை. இந்த வயதிலும் குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சோறு அடிப்பிடித்தது. கடைசியில் குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது.

"அக்கா, சிக்னல் இல்ல, அதுதான் பிந்திப்போச்சு. இண்டைக்குக் காத்து. பெரிய கூட்டம் ஒண்டு வந்தது. ஏலாது எண்டிட்டன்."

அதை மூன்று தரம் கேட்டேன். சந்திக்குப் போய் நானே ஒரு பனர் கட்டலாம் போல் இருந்தது. பிறகு முற்றத்துக்கு வந்து, கொடியில் கிடந்த உடுப்பின் கையைப் பிடித்துப் பார்த்தேன். காய்ந்து, வெயிலின் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அங்கேயும் இன்றைக்கு ஓர் உடுப்பு இப்படித்தான் நனையாமல் கிடக்கும்.