சபாபதி சாரின் அப்ஸ் அண்ட் டவுன்ஸ்

பிடிக்காத ஒருவர் இறந்துபோனால் என்ன எழுதுவது? எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெரு நலச் சங்கச் செயலாளர் சபாபதி சார் இன்று காலை காலமானார். மாரடைப்பு. சங்க வாட்ஸ்ஆப் குழுவில் அதற்குள் மாமனிதர் ஆகிவிட்டார்...

எனக்கு நினைவிருப்பது ஒரே வாக்கியம். "லைஃப்ல அப்ஸ் அண்ட் டவுன்ஸ் இருக்கும்மா."

குடிநீர் வராவிட்டாலும் அதுதான், தெருவிளக்கு எரியாவிட்டாலும் அதுதான். என் கணவர் இறந்தபோது துக்கம் கேட்க வந்தும் அதையே சொன்னார். பிறகு, இன்றைய பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

தன் கார் ஏறுவதற்காகக் கால்வாயை அடைத்து வாசலில் சிமென்ட் சாய்தளம் போட்டவர் அவர். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் எதிர்வீட்டு தேவகியின் தறிக்குழியில் தண்ணீர். அது வற்றும்வரை குழியில் காலை விட்டு நெய்ய முடியாது. சேலை தாமதமானால் முதலாளி அடுத்த சேலைக்கான பாவு நூலை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

ஒருமுறை சாரிடம் முறையிட அவளோடு நானும் போனேன்.

"இன்னா சார், குழியில மீன் வளக்கலாம் போலக்குதே," என்றாள்.

"அப்ஸ் அண்ட் டவுன்ஸ்மா."

"அப்ஸ் எப்ப சார் வரும்? சொன்னா வீட்லயே இருக்கேன்."

சார் யோசித்தார். "பாசிட்டிவா இரும்மா."

தெருவில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை யாரும் தறி ஓட்டுவதில்லை. இன்றும் அப்படித்தான். நாளை கொடுக்க வேண்டிய சேலை முடியாமல் கிடக்க, தேவகியும் நிறுத்திவிட்டாள்.

"இவருக்குமா?" என்றேன்.

"செத்தவருக்கு இன்னாக்கா தெரியும்? தெருவுக்காவ நிறுத்தறது."

அவள் பெருந்தன்மை எனக்கு இல்லை. இருந்தாலும்... போய் வாருங்கள் சார்.

நேற்று இவ்வளவு எழுதிப் பதிவிடாமல் வைத்திருந்தேன். இன்று நடந்தது இது.

இரவு மழை. காலையில் தேவகி குழித் தண்ணீரை வாளியில் மொண்டு தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாரின் மகன் சாய்தளத்தில் நின்று பார்த்தார்.

"அப்ஸ் அண்ட் டவுன்ஸ்... இல்லக்கா?"

தேவகி வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தாள்.

"தள்ளி நில்லுப்பா. கால்ல பட்டுறப் போவுது."

சேலை இன்று போகவில்லை. கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது.