மாடி மாடியாகத் தீர்த்த பழி

ஊரில் அவளுக்குப் பட்டப்பெயர் டவர்க்காரி. செல்போன் புதிதாக வந்த காலத்தில், டவர் நிறுத்த மொட்டை மாடி பிடித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. கம்பெனியிடம் பணம் இருந்தது, இரும்பு இருந்தது. இடம் கொடுக்கத்தான் ஆள் இல்லை. வீடு விரிசல் விடும், இடி விழும் என்று வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவைப் பேசியே திறக்க வைப்பாள் டவர்க்காரி.

"இடி விழுந்தா டவர்ல விழும், மண்ணுக்குள்ள போயிடும். வாடகைதான் உங்க கையில விழும்" என்பாள். சிரித்தவர்கள் சம்மதித்தார்கள். ஊரில் பாதிப் பேர் முதல் 'ஹலோ' சொன்னது அவள் பிடித்த மாடிகள் வழியாகத்தான்.

தங்கையின் புருஷன் அப்போது வேலையில்லாமல் இருந்தான். மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனைத் தனக்கு உதவியாக வைத்துக்கொண்டாள். தொழிலின் நெளிவு சுளிவெல்லாம் அவனுக்கு அத்துப்படியானதும், ஒரு காலை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"வீட்டுக்காரங்ககிட்ட தனியா கமிஷன் வாங்குறீங்களாமே?"

"யாரு சார் சொன்னது?"

மேனேஜர் பக்கத்தில் நின்ற தங்கை புருஷன் ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவள் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவரு பொய் சொல்ல மாட்டாருக்கா. நீ வாங்கியிருப்ப."

வேலை போனதைவிட அந்த வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எடுக்க முயலவில்லை அவள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாவது கம்பெனிக்கு அரசாங்கம் உரிமம் கொடுத்த செய்தி வந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

"உங்களுக்கு மாடி வேணும். எனக்கு ஒருத்தன் தரைக்கு வரணும்."

அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பழைய கம்பெனியின் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடியும் நேரம் அது. தங்கை புருஷனோ வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் போனையே எடுப்பதில்லை. அவன் வாசலை மிதிப்பதற்கு முன்பே டவர்க்காரி மாடியில் நிற்பாள். மாடி கை மாறியது, அடுத்த மாடி கை மாறியது. பழைய கம்பெனியின் சிக்னல் நோஞ்சானாகிப் போனது. பாதிப் பேச்சில் லைன் அறுந்து, ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி தெருவில் சிக்னல் தேடி அலைந்தார்கள். புதுக் கம்பெனி கட்டணத்தையும் குறைத்ததும் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

கடைசிக்கு ஒரு மாடியை வைத்திருந்தாள். பழைய கம்பெனியின் ஆபீஸே இருந்த கட்டடம் அது. சொந்தக்காரர் ஓர் அச்சகக்காரர். மாடி ஒழுகுகிறது என்று தங்கை புருஷனிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். டவர்க்காரி பேசப் போகவில்லை. முதலில் கொத்தனாரை அனுப்பினாள். ஒழுகல் நின்றது. ஒப்பந்தம் தானாக வந்தது.

டவரைக் கழற்றிய அன்று எதிர்ப்புற டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தாள். காதில் போனோடு தங்கை புருஷன் வெளியே ஓடி வந்தான். "ஹலோ... ஹலோ... கேக்குதா சார்?" என்று நடுத்தெருவில் கத்தினான்.

டவர்க்காரி எழுந்து போய்த் தன் போனை நீட்டினாள்.

"இதுல பேசுங்க மாப்ள. நல்லா கேக்கும்."

அன்று சாப்பிட்ட சாப்பாடு அவளுக்கு அத்தனை ருசித்தது.

பழைய கம்பெனி அந்த ஊரில் கடையைக் கட்டியது. புதுக் கம்பெனி ஆபீசுக்கு டவர்க்காரியே பொறுப்பானாள். தங்கை தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு அவளிடம் வந்து நின்றாள்.

"பழசை மறந்துடுக்கா. இவருக்கு ஒரு வேலை போட்டுக் குடு."

"அன்னைக்கு மேனேஜர்கிட்ட சொன்னது பொய்னு என் ஆளுங்க முன்னாடி சொல்லச் சொல்லு."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். "பொய்தான். அந்த நாற்காலி வேணும்னு சொன்னேன்."

தங்கை அவனையே பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"சரி, கெளம்புங்க. இங்க வேலை காலி இல்ல" என்றாள் டவர்க்காரி.

தங்கையின் கண்ணில் நீர் வரவில்லை. "அவரு செஞ்சது துரோகம். நீ இப்ப செஞ்சது என்னக்கா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

பழிவாங்கினால் மனசு கசக்கும் என்பார்கள். டவர்க்காரிக்குக் கசக்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினாள், மூன்றாவது கம்பெனி வரும்வரை.

அந்தக் கம்பெனி பேச்சையே இலவசமாக்கியது. ஒரு காலை டவர்க்காரி ஆபீசுக்கு வந்தபோது, எதிர்க் கடை வாசலில் பெரிய வண்ணக் குடை ஒன்று விரிந்திருந்தது. அதன் கீழே சிம் விற்றுக்கொண்டிருந்தவள் தங்கை. வரிசையில் டவர்க்காரியின் சொந்த டெக்னீஷியன்களும் நின்றார்கள்.

"வாக்கா, உனக்கும் ஒண்ணு தரவா? காசு வேணாம்" என்று தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள் தங்கை.

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. டவர்க்காரிக்குக் காது மடல் சுட்டது. உள்ளே போய், ஆட்களைக் கூப்பிட்டாள்.

"அந்தக் குடை நிக்கிற இடம் யாருதுன்னு விசாரிச்சுட்டு வாங்க."