மீன் தோல் போர்த்திய கால்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் நடுவில் தெரியத்தான் போகிறது. எங்கள் நாயின் பின்னந்தொடையைக் காட்டுப்பன்றி கிழித்த அன்று, ஓடிப்போய் நான் எடுத்து வந்தது டீத்தூள். டீ ஃபேக்டரியில் வேலை செய்கிறவனுக்குத் தலைவலிக்கும் அதுதான், ரத்தம் நிற்கவும் அதுதான். கை நிறைய அள்ளி அப்பினேன்.

அந்த நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் குதிகாலில் ஆறாத சர்க்கரைப் புண் ஒன்று. அதற்கும் டீத்தூள்தான், மேலே சாக்ஸ், அதற்கு மேலே பூட்ஸ். மனைவிக்குத் தெரிந்தால் டீயில் சீனி நின்றுவிடும். "ஏன் நொண்டுறீங்க?" என்றால், "புது பூட்ஸ் கடிக்குது" என்பேன். நாய் கடித்தால் ஊசி போடலாம். பூட்ஸ் கடித்தால் அவள் என்ன செய்வாள்?

அவள் கொழுந்து பறிக்கப் போகையில் முன்னால் நடப்பது அந்த நாய்தான். செடிக்குள் காட்டெருமை நின்றால் குரைத்து அவளை நிறுத்தும். கட்டிய புருஷன் ஒரு நாளும் அப்படி முன்னால் நடந்ததில்லை.

குன்னூரில் கால்நடை டாக்டரம்மா காயத்தைக் கழுவினார். தண்ணீர் நல்ல நிறமாக இறங்கியது.

"ஏனுங்க, பால் ஊத்த மறந்துட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

பல்லைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இழுத்துத் தைக்கத் தோல் மிச்சமில்லை, இப்படியே விட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்றார்.

"கால் வேணுமுங்க டாக்டர். அது முன்னால நடக்கோணும்…" என்றாள் மனைவி. நாயின் காதை அவள் விடவில்லை.

புதிதாக ஒரு முறை இருக்கிறதாம். பதப்படுத்திய மீன் தோலைக் காயத்தின் மேல் வைத்துத் தைப்பார்களாம். பந்தலைப் பிடித்துக் கொடி ஏறுவதுபோல, அதைப் பிடித்துக்கொண்டு நாயின் சொந்தச் சதையே படர்ந்து வருமாம்.

"பூனை தூக்கிட்டுப் போயிடாதுங்களா?" என்றேன்.

"வாசமே வராதுங்க. உங்க டீக்கு இது எவ்வளவோ மேல்."

அந்த மழைக்காலம் முழுக்க மனைவி நாயோடு தரையில் படுத்தாள். கட்டிலில் தனியாகக் கிடந்த நான், பொறாமையில் ஒரு தரம் குரைத்துப் பார்த்தேன்.

"வாய மூடிட்டுத் தூங்குங்க. அது எந்திரிச்சுக்கும்."

டாக்டரம்மா கடைசிக் கட்டைப் பிரித்த அன்று உள்ளே ரோஜா நிறத்தில் புதுத் தோல். நாய் காலை ஊன்றியது. யோசித்தது. பிறகு வாசல்வரை நடந்துபோய், இவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தது. மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

என் கண்ணும் சரியில்லை. அதை மறைக்க ஏதாவது பேச வேண்டுமே.

"இதை மனுசங்களுக்கும் வெப்பாங்களா டாக்டர்?"

"வெக்கிறாங்களே. ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கெல்லாம் வெக்கிறாங்க."

"கால்ல இருந்தாலுமா? சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேனுங்க."

முந்தானை மெல்ல இறங்கியது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள்.

"பூட்ஸக் கழட்டுங்க."