படியில் திரும்பிய செருப்பு

முக்லாசின் வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. காரணம், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

ஜாவாவில் கிளாத்தன் ஊர் மேல்நிலைப் பள்ளியில் இருபது வருடத்துக்கும் மேலாக மார்க்கப் பாடம் நடத்துபவர் அவர். பள்ளி வளாகத்துப் பள்ளிவாசல் அவருடைய ராஜ்யம். மதியத் தொழுகை முடிந்ததும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வதும் அவர்தான். அங்கே வாத்தியார்களைப் பிள்ளைகள் 'பாக்', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம் வந்து சேர்ந்தார் கெமிஸ்ட்ரி வாத்தியார் ரிஸ்கான். சின்ன வயசு, சிரித்த முகம். அவர் தொழுதுவிட்டு வெளியே வரும்போதெல்லாம் அவருடைய செருப்பு வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும், அப்படியே காலை நுழைத்துப் போகலாம். பெரிய குருமார்களுக்குச் சீடர்கள் செய்யும் மரியாதை அது. நேற்று முளைத்தவனுக்கு நடக்கிறது, இவருக்கு ஒரு நாளும் நடந்ததில்லை.

"அமிலமும் உப்பும் சொல்லிக் குடுக்கிறவனுக்கு அப்படி என்ன மரியாதை?" என்று வீட்டில் பொருமினார்.

"செருப்புக்காகவா சோறு இறங்கல உங்களுக்கு?" என்று மனைவி சிரித்தாள். அதுவும் எரிந்தது.

அன்று அமானிதத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். ஒருவரையொருவர் நம்ப வேண்டும், நம்பிக்கைக்குரியவராக நடக்க வேண்டும் என்றார். பேசி முடித்து வெளியே வந்தால், பன்னிரண்டாம் வகுப்பு தமர் படியில் குனிந்து ரிஸ்கானின் செருப்பைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, என் செருப்பு மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியாதா?"

தமர் திருதிருவென்று விழித்தான். "வெளியில விட்டாத்தானே பாக், திருப்பி வைக்க முடியும்?"

முக்லாசின் தன் கையைப் பார்த்தார். பிளாஸ்டிக் பை, அதற்குள் அவருடைய தோல் செருப்பு. என்றோ ஒரு வெள்ளிக்கிழமை புதுச் செருப்பு களவு போனதிலிருந்து பையோடுதான் உள்ளே போகிறார்.

"ரிஸ்கான் பாக் செருப்பும்தான் ரெண்டு தடவை காணாமப் போச்சு. வெறுங்காலோட போனாரு. மறுநாளும் இங்கயேதான் விட்டாரு" என்றான் தமர்.

முக்லாசினுக்கு முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் பை இல்லாமல் வந்தார். தொழுகை முழுக்க மனசு படியிலேயே கிடந்தது. வெளியே வந்தபோது செருப்பு இருந்தது, வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்திலேயே ரிஸ்கானின் செருப்பும் திரும்பியிருந்தது. எதை முதலில் திருப்பினான் என்று தமரிடம் கேட்க வாயெடுத்தவர், கஷ்டப்பட்டு மென்று விழுங்கினார்.