மணி இருந்த கலயம்

பெண் கேட்டு வந்தவர் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று அப்பாவை உற்றுப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒங்கள எங்கனயோ பாத்திருக்கேனே" என்றார்.

அப்பாவும் கண்ணைச் சுருக்கினார். "பங்குனி உத்திரத்துக்கு, மலையடிவாரத்து சாஸ்தா கோயில்ல! நீங்க நம்ம பீடத்துக்காரருல்லா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். முதலில் அவர் சிரிப்பு நின்றது. பிறகு அப்பாவுடையது. கேசரித் தட்டோடு வந்த அம்மா பாதி வழியில் நின்றுவிட்டாள்.

அந்தக் கோயிலுக்கு ஊர்ப்பட்ட சனம் வரும். ஆனால் உள்ளே ஒரே பீடத்துக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் எடுப்பது தங்கைக்கே தாலி கட்டுவது மாதிரி. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல்முறையீடே கிடையாது. பனவடலிசத்திரத்திலிருந்து வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் எழுந்தார்கள். கிளம்பும்போது அவர் என் தலையைத் தொட்டு, "நீ எனக்கு மக மொறைல்லா, தாயி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிடலாம் போல இருந்தது.

அவருடைய மகனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறோம். நான் கணக்கு, அவர் அறிவியல். மூன்று வருடம் ஊர் வாய்க்குப் பயந்து பயந்து பேசி, ஒருவழியாக இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்திருந்தோம். மறுநாள் ஆசிரியர் அறையில் அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெள்ளிக்கெழம ராஜபாளையத்துல வேற பொண்ணு பாக்கப் போவாங்களாம்" என்றார். "நீங்க போவீங்களா?" என்று கேட்டேன். அவர் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். அன்று திங்கட்கிழமை. எனக்கு நாலு நாள் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யும். எங்கள் வம்சம் எந்த ஊர், எப்படி இந்தப் பீடத்துக்கு வந்தோம்? அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டால், "பார்க்குல கொட்டகைல இருந்தோம், பொறவு இங்கன வந்தோம். அவ்வளவுதான்" என்பார். பார்க் வழியாக ஐந்து நிமிடத்தில் போகிற பஜாருக்கு அவர் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். இத்தனை வருடத்தில் அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

வாசுதேவநல்லூரில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு ஒரே அக்கா. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்தவளை நேரே பார்க்குக்கு அழைத்துப் போனேன். எட்டு வடிவ நடைபாதையில் தொப்பைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அத்தை வேப்பமரத்தில் கை வைத்து, அங்கிருந்து அடி எண்ணிப் போய்ச் சறுக்கு மரத்தடியில் நின்றாள்.

"இதான்ட்டி நம்ம கொட்டக. ஒம்பதாவது. கொளம் ஒடஞ்சி தெருவே கரஞ்சி போச்சு. மூணு மாசத்துக்குன்னு தகரம் போட்டுக் குடுத்தாவ. மூணு வருசம் கெடந்தோம். எங்கப்பா காய்ச்சல்ல செத்ததும் இங்கனதான்."

வெள்ளத்தில் சட்டி பானை போனாலும் ஒவ்வொரு குடும்பமும் சாமி கலயத்தைக் காப்பாற்றியிருந்தது. பூர்வீக ஊரைவிட்டு வரும்போது குலசாமி கோயிலில் எடுத்த பிடிமண் அதில் இருக்கும். கொட்டகைக்குள் கயிற்றுக் கொடியில் தொங்கிய ஒரு சேலை மறைவில் சாப்பாடும் தூக்கமும் தீட்டும் எல்லாம் நடந்ததால், சாமிகளை வேப்பமரத்தடியில் வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி மண் கலயம், ஒரே மாதிரி மஞ்சள் துணி. கொட்டகையைப் பிரிக்கிற அன்று லாரி புறப்படும் அவசரத்தில் அப்பா ஓடிப்போய் ஒன்றைத் தூக்கி வந்திருக்கிறார். அப்போது அவருக்கு இருபது வயது. தாத்தா, சாமி இருக்கும் ஊரைச் சொல்லாமலேயே போய்விட்டார். கலயத்துக்குள் மண்ணோடு ஒரு வெண்கல மணி இருந்ததாம். மணியில் ஊர்ப் பெயர் வெட்டியிருந்தது. அதை வைத்துத்தான் அப்பா சாஸ்தாவைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"நம்ம கலயத்துல வெறும் மண்ணுதான..." என்று ஆரம்பித்த அத்தை சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அந்த மணி யாருது?" என்றேன். "ஒங்கப்பன்ட்ட கேட்டுராத மக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலையே கேட்டேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அக்காளுக்கு வயசாயிட்டு. மறதி" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியும்லாப்பா?" என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அப்பா எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஆளும் கெடையாது, வீடும் கெடையாது. மணியக் கொண்டுபோயிக் காட்டுனேன். பாத்த ஒடனே, நம்ம கூட்டத்துப் பிள்ளைலேன்னு எல போட்டு உக்கார வச்சாவ. மறு வருசந்தான் அக்கா சொன்னா, இது நம்ம மணி இல்லன்னு. பொறவு எப்பிடிட்டி போயிச் சொல்லுவேன்?"

எனக்கு இரக்கம் வரவில்லை. அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. "அப்ப நான் எப்படிப் போனா ஒங்களுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்தினேன். புதன், வியாழன் இரண்டு நாளும் ஒரே வீட்டுக்குள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அப்பா குளித்துவிட்டு, மணியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "கெளம்பு" என்றார். பனவடலிசத்திரம் போகிற வரை பஸ்ஸில் அந்தத் துண்டை மடியிலேயே வைத்திருந்தார். அவர்கள் வீட்டு முன்னால் கார் தயாராக நின்றது. அப்பா மணியை, பெண் கேட்டு வந்த அந்தப் பெரியவர் முன்னால் வைத்து, வேப்பமரத்திலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார்.

அவர் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே விளிம்பில் இருந்த வெட்டு ஒன்றை விரலால் தடவினார். "இது எங்க சித்தப்பா சொன்ன வெட்டுல்லா. அவரு எட்டாவது கொட்டகைல இருந்தாரு. பார்க்குல சாமியத் தொலச்சிட்டேன்னு சாவுற வரைக்கும் பொலம்புனாரு" என்றார். அப்புறம் 'நீங்க' போய் 'நீரு' வந்தது. "தெரிஞ்சே இத்தன வருசம் எங்க சாமி முன்னால நின்னிருக்கீரு."

"ஆமா."

அவர் மணியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் அவர் மகனைப் பார்த்து, "கார உள்ள விடு" என்றார். பிறகு அப்பாவிடம், "பங்காளி இல்லன்னு ஆயிட்டு, பொண்ண எடுக்கலாம். ஆனா இனும நீரு எங்க பீடத்துல நிக்க முடியாது. தெரியும்லா?" என்றார்.

"தெரிஞ்சிதான் வந்தேன்" என்றார் அப்பா.

கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி பெயர் மட்டும் இருந்தது. எங்கள் பக்கம் போடுவதற்குச் சாமி இல்லை. பார்க் மண்ணுக்குள் எங்கோ கிடக்கிற கலயத்துக்கு என்ன பெயர் போடுவது?

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு அப்பாவை வற்புறுத்திக் கூட்டிப் போனோம். எனக்கு முதல் முடி எடுத்து, காது குத்திய அதே பீடம். இப்போது மருமகள் என்கிற உரிமையோடு முன்வரிசையில் நின்றேன். அப்பா தள்ளி, புளியமரத்தடியில், எங்கள் எல்லோருடைய செருப்புக்கும் பைகளுக்கும் காவலாக நின்றார். விஷயம் தெரியாத பூசாரி அவரைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அங்கன என்ன நிக்கிய? பங்காளிகளுக்குத் திருநாறு குடுக்கேன், வாங்க" என்று கூப்பிட்டார்.

அப்பா ஓரடி எடுத்து வைத்தார். நாற்பது வருடப் பழக்கம். பிறகு என் மாமனாரைப் பார்த்துவிட்டுக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான் பொண்ணு வீட்டுக்காரன், சாமி" என்றார்.

அவரை அப்படிச் சொல்ல வைத்தவள் நான்தான்.