பத்து கோடி டிகிரியும் ஒரு பர்மனெண்ட் வேலையும்

போன ஞாயிற்றுக்கிழமை என்னை மேடையேற்றிவிட்டார்கள். 'டாக்டர் பட்டத்துக்குப் பிறகு என்ன வேலை?' என்று விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு நான் வழிகாட்ட வேண்டுமாம். சின்னச் சிக்கல் ஒன்றுதான். பட்டம் வாங்கிவிட்டேன்... வேலைக்கு இன்னும் போகவில்லை!

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற உங்களுக்கு என் ஆராய்ச்சியைப் பற்றித் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: சூரியன் தனக்குள் செய்கிற வித்தையைப் பூமியில் செய்து கரண்ட் எடுப்பது. அணு இணைவு. இதற்காக உலகமே பாடுபடுகிறது. ஒரு வீட்டில்கூட இன்னும் பல்பு எரியவில்லை.

எனக்கு இரண்டு அழைப்புகள். ஒன்று, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் — இதே இணைவு ஆராய்ச்சி, இரண்டு வருட காண்ட்ராக்ட். மற்றது, பக்கத்து எஞ்சினியரிங் காலேஜ் — முதலாண்டுப் பிள்ளைகளுக்கு லேபில் ஸ்க்ரூ கேஜ் பிடித்துக் கம்பியின் தடிமன் அளக்கச் சொல்லித் தர வேண்டும், பர்மனெண்ட். மறுநாள், திங்கட்கிழமை, பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அப்பா எதன் பக்கம் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா? மண்டபத்தில் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

திரையில் காட்ட ஓஹெச்பி ஷீட்டில் ஒரு மரம் வரைந்துகொண்டு போயிருந்தேன். ஆய்வுக்கூடம் ஒரு கிளை, பேராசிரியர் ஒரு கிளை, காந்தம் செய்யும் கம்பெனி ஒரு கிளை... பார்க்க அழகான மரம். என் சீனியர்களில் ஒருவர் பெங்களூரில் பேங்க் சாஃப்ட்வேர் எழுதுகிறார். ஒருவர் டியூஷன் எடுக்கிறார். இன்னொருவர் நாலாவது நாட்டில் நாலாவது காண்ட்ராக்டில் இருக்கிறார். இவர்களை மரத்தில் வரையவில்லை. ஷீட்டில் இடம் இல்லை பாருங்கள்!

பேசி முடித்தேன். பீங்கான் பொம்மை செய்யும் யூனிட் ஓனர் ஒருவர் முதலில் எழுந்தார். பீங்கான் சூளைகள் நிறைந்த எங்கள் ஊரில் எதையும் சூட்டை வைத்துத்தானே அளப்பார்கள்?

"நம்ம சூளை ஆயிரத்து எரநூறு டிகிரி. உங்களுது?"

"பத்து கோடிங்க."

"எந்தப் பாத்திரம் தாங்கும்?"

"எதுவும் தாங்காதுங்க. காந்தத்தால அந்தரத்துல நிறுத்தணும்."

"அப்ப உங்க வேலையும் அந்தரத்துலதான் நிக்குதுன்னு சொல்லுங்க!"

மண்டபமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

அடுத்து எழுந்தவர் கம்மாபுரத்துக்காரர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர். பக்கத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் மகள். அவளுக்கு இணைவு ஆராய்ச்சிக்குப் போக ஆசை. அனுப்பலாமா வேண்டாமா என்பதை இங்கே கேட்டு முடிவுசெய்ய வந்திருக்கிறார்.

"தம்பி, இந்தக் கரண்ட்டு ஆலைக்கு எவ்ளோ நெலம் எடுப்பாங்க?"

"கொஞ்சந்தாங்க. சுரங்கமே தோண்ட வேணாம்."

"அதுவரைக்கும் நல்லது. வேலை பர்மனெண்டா?"

"மொதல்ல ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட்டுங்க."

"அப்பறம்?"

"நல்லா செஞ்சா நீட்டிப்பாங்க."

"அப்பறம்?"

"வேற எடத்துல... காண்ட்ராக்ட்டு."

"கரண்ட்டு ஆல எப்பதான் வரும்?"

"ஒரு முப்பது வருஷத்துல வந்துடுங்க."

"நீங்க பொறந்தப்ப கேட்டிருந்தா என்னா சொல்லிருப்பாங்க?"

"...முப்பது வருஷம்னு."

அவர் முகம் வாடும் என்று நினைத்தேன். சொந்தக்காரனைக் கண்டுபிடித்தது போல மலர்ந்துவிட்டது!

"அட, எங்க கதைதான் தம்பி! வூட்டுக்கு ஒரு வேலைன்னாங்க, நெலத்தக் குடுத்தோம். காண்ட்ராக்ட்டுல சேத்தாங்க. இந்தா ஆயிடும், அந்தா ஆயிடும்னு ஓடிக்கிட்டு இருக்குது. நாங்க நெலத்தக் குடுத்தோம், நீங்க வயசக் குடுத்திருக்கீங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

என் ஆராய்ச்சி வாழ்க்கையை இத்தனை சுருக்கமாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. யோசித்துப் பாருங்கள்... நம் ஊரில் வேலை என்றால் செய்வதா, கன்ஃபர்ம் ஆவதா? என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்கிறார்களா?

"எழுந்திரும்மா. பி.எட்.டே சேந்துக்கலாம்" என்று மகளைத் தொட்டார். அவள் எழுந்தாள் — மைக்கை வாங்குவதற்காக.

"சார், நீங்க எதுல சேரப் போறீங்க?"

முதல் வரிசையில் அப்பா நிமிர்ந்தார். காலேஜ் என்றால் அந்தப் பெண்ணுக்கு பி.எட். வெளிநாடு என்றால் அப்பாவுக்கு பி.பி. திங்கட்கிழமைவரை தள்ளிப்போடலாம் என்றிருந்த பதிலை இத்தனை பேர் முன்னால் கேட்டால்?

"காண்ட்ராக்ட்டுலதாங்க" என்றேன். மைக் கிறீச்சிட்டது. "பத்து கோடி டிகிரிய விட்டுட்டு ஸ்க்ரூ கேஜ் புடிக்க மனசு வரல."

அவள் திரும்பி, "பாத்தியாப்பா?" என்றாள்.

"பாத்தேன். ரெண்டும் பைத்தியம்." அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். "சரி தம்பி, அதுக்கு என்னா பரிட்சை எழுதணும், சொல்லுங்க."

கூட்டம் முடிந்து அப்பாவின் மொபெட்டில் வீட்டுக்குத் திரும்பினோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்க நிறுத்தினார். தெரிந்தவர் ஒருவர் விசாரித்தார்: "பையன் டாக்டராயிட்டாராமே, எங்க வேலை?"

அப்பா டீயை நிதானமாக ஆற்றினார்.

"சூரியன் பாக்குற வேலைங்க" என்றார். "இன்னும் கன்ஃபர்ம் ஆவல."